ஹனோரா தேடிய கணவன்

“சார், இது இறைச்சிக் கடை இல்லை. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

ஆவணக் காப்பகத்து நூலா அம்மையார் இத்தோடு மூன்றாவது தடவை சொல்லிவிட்டார். கோல்மன் பிரெஹனியும் என்னதான் செய்வார்? முப்பது வருஷமாக இறைச்சிக் கடை நடத்துகிறவர். எலும்பு வெட்டும் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய தொண்டை.

“கோவிச்சுக்காதீங்க மேடம்,” என்றாள் அவருடைய தங்கை ஈட்டா. “வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கொள்ளுப்பாட்டி ஹனோராவுக்குப் புதுக் கல்லறைக் கல் திறக்கிறோம். பாஸ்டன்லேருந்து சொந்தக்காரங்க பதினாலு பேர் வர்றாங்க. கொள்ளுத்தாத்தா எங்கே போனாருன்னு தெரிஞ்சா, அவர் பேரையும் கல்லுல சேர்த்துடலாம்.”

“ஏன், காணாமப் போயிட்டாரா?”

“1897ல பன்னி விக்கச் சந்தைக்குப் போனவர். அவரும் வரல, பன்னியும் வரல.”

“பாட்டி சாகுற வரைக்கும் தேடினா!” கோல்மனின் குரல் மறுபடி கூரையை முட்டியது. “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச் வாசல்ல நின்னு, ‘என் புருஷன் மேலக்கியை யாராச்சும் பார்த்தீங்களா’ன்னு அழுவாளாம். ஊரே உருகிடுமாம். ‘கணவனைத் தேடியே கண் மூடிய உத்தமி’ன்னு கல்லுல வெட்டவே சொல்லிட்டேன்.”

நூலா ஒரு தடித்த பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மாவட்டத்துப் பழைய மனநோய் விடுதியின் பதிவேடு அது. அட்டையைப் படித்ததும் கோல்மனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“பைத்தியக்கார ஆஸ்பத்திரியா? ஏய் ஈட்டா, இதுக்குத்தான் என்னைக் கடையை மூட வச்சுக் கூட்டிட்டு வந்தியா?”

“கப்பல் பட்டியல் பார்த்தாச்சு, ஜெயில் பட்டியல் பார்த்தாச்சு. மிச்சம் இது ஒண்ணுதான் அண்ணா.”

“நம்ம வம்சத்துல யாருக்கும் அந்த மாதிரி எதுவும் கிடையாது!”

“போன கிறிஸ்துமஸுக்கு நீ வான்கோழியோட ஒரு மணி நேரம் வாக்குவாதம் பண்ணியே?”

“அது தொழில் விஷயம்!”

“கிடைச்சுட்டார்,” என்றார் நூலா.

இருவரும் மேஜைமேல் குனிந்தார்கள். நூலா மங்கிய கையெழுத்தின்மேல் விரலை ஓட்டியபடி வாசித்தார்.

“மேலக்கி பிரெஹனி. வயது நாற்பது. சேர்த்த காரணம்: பன்றிக்குத் தொப்பி மாட்டி, ‘மாஜிஸ்திரேட் வருகிறார், வழி விடுங்கள்’ என்று சந்தையைச் சுற்றி ஊர்வலம் விட்டது. சேர்க்க உத்தரவிட்டவர்: மாஜிஸ்திரேட்.”

“இதுக்காகவா உள்ள தள்ளினாங்க?”

“அந்தக் காலத்துல இதுவே ஜாஸ்தி, சார்,” என்று நூலா மேலே வாசித்தார். “ஜனவரி 4. உடல்நலம் நன்று. பசி மிக நன்று. இரவு பகலாகப் பாடுகிறார். ஒரே பாட்டு. நாற்பத்திரண்டு சரணம். முடிந்ததும் ஒவ்வொரு சரணத்துக்கும் பொருள் சொல்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் மூவர், தங்களுக்குப் பூரண குணமாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார்கள்.”

“அந்தப் பாட்டுதான்!” கோல்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவர் பாட்டுன்னா பாட்டிக்கு உசுருன்னு அப்பா சொல்லியிருக்காரு.”

“பிப்ரவரி 11. நோயாளியின் பிரமை முற்றிவருகிறது. பன்னிரண்டு மைல் தொலைவில் தனக்கு ஒரு வீடு உண்டு, ஹனோரா என்ற மனைவி உண்டு, ஏழு பிள்ளைகள் உண்டு என்று தினமும் சாதிக்கிறார்.”

கோல்மன் மேஜையில் ஓங்கி அறைந்தார். நூலாவின் பென்சில்கள் எல்லாம் உருண்டு ஓடின.

“பிரமையா? எல்லாம் சத்தியம் மேடம்! மூணாவது பிள்ளைதான் எங்க தாத்தா! நிஜப் பெண்டாட்டியைப் பிரமைன்னு எழுதியிருக்கானே, அந்த டாக்டரைத்தான் முதல்ல கட்டிப் போட்டிருக்கணும்!”

“அண்ணா, மெதுவா.”

“எப்படிடீ மெதுவா? வெறும் பன்னிரண்டு மைல்! அந்த டாக்டர் ஒரே ஒரு தடவை ஆள் அனுப்பி விசாரிச்சிருந்தா, பாட்டி செருப்புகூடப் போடாம ஓடி வந்திருப்பாளே! சாகுற வரைக்கும் சர்ச் வாசல்ல நின்னு அழுதிருக்க வேண்டாமே!”

ஈட்டா அண்ணனின் பெரிய கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றுமுறை அதட்டிய நூலாவே இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர் ஒருமுறை தனக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“சார்... டாக்டர் ஆள் அனுப்பியிருக்கார்.”

“அப்புறம்? படிங்க!”

நூலா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மார்ச் 9. நோயாளி சொன்ன ஊரில் விசாரித்ததில், ஹனோரா என்ற பெண்மணி உண்மையிலேயே இருப்பது தெரிந்து வரவழைத்தோம். பன்னிரண்டு மைலும் நடந்தே வந்தார். நோயாளியை முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்துவிட்டு, ‘இந்த ஆளை என் ஜென்மத்தில் கண்டதில்லை’ என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆயினும் இரக்க குணம் உள்ளவர். போகும்போது காவலாளிகளுக்கு நான்கு ராத்தல் வெண்ணெய் கொடுத்து, மதில் சுவரை இன்னும் இரண்டடி உயர்த்திக் கட்டும்படி கேட்டுக்கொண்டார்.”