எதிர் டீமுக்கு ஒரு குரல்

"உடாத கண்ணு, அடி!"

அரசப்பன் போட்ட சத்தம் திருவள்ளூர் வாலிபால் மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது. அவர் கத்தியது சிவப்புச் சட்டை டீமுக்கு. அவர் பெற்ற மகள் நந்தினி ஆடிக்கொண்டிருந்ததோ நீலச் சட்டையில்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமிக்குக் கணவரை நிமிர்ந்து பார்க்கவே கூசியது. அந்த ஆள் எந்தப் பெண்ணின் அப்பா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டதற்கு, தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

கொடி பிடிப்பதும் கத்துவதும் அவருக்குப் புதிதல்ல. பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவருக்காகவும், போன மாதம் கும்மிடிப்பூண்டி ஆலையில் சங்கத் தேர்தலில் தோற்றவருக்காகவும் நாளெல்லாம் கத்தியவர்தான். ஆனால் இன்றைக்கு இருந்த வெறி அன்றைக்கு இல்லை.

பக்கத்தில் இருந்த நாத்தனார் அஞ்சம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா ஜோதி, என் தம்பி இன்னிக்கும் என் பக்கந்தான்."

இந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நந்தினி மாநிலப் போட்டிக்குப் போகலாம், படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள் அஞ்சம்மாள். தோற்றால் ஆவணியிலேயே நந்தினி அத்தை மகன் மணிகண்டனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும். சிவப்பு டீம் மூன்று வருடமாகத் தோற்றதில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் அப்படி ஒரு வாக்கு.

அந்த வாக்குக் கொடுத்த அன்றைக்கு நந்தினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லுப்பா என்று அழுதாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா எதிரில் நின்றாள். அரசப்பன் தரையைப் பார்த்தபடியே நின்றார்.

கடைசிச் செட்டில் சிவப்புக்குப் பதின்மூன்று, நீலத்துக்குப் பத்து. இன்னும் இரண்டு பாயிண்ட் போனால் மகளின் படிப்பும் போயிற்று. அரசப்பன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று, துண்டைச் சுழற்றிக் கத்த ஆரம்பித்தார். ஜோதி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

சிவப்பு டீம் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. பந்து நந்தினியின் கைக்கு வந்தது. அடுத்தடுத்து அவள் போட்ட நான்கு சர்வீஸில் ஒன்றைக்கூட எதிர்ப்பக்கம் ஒழுங்காக எடுக்கவில்லை. சிவப்பு டீம் திருப்பியடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தபோது, நீலச் சட்டைகள் நந்தினியைத் தூக்கிவிட்டன.

அஞ்சம்மாள், சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்று முணுமுணுத்துவிட்டு, திருநின்றவூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து நடந்தாள்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அரசப்பனைத் தேடிப்போய்ப் பிடித்தாள் ஜோதி. கண்ணில் நீர் முட்டியது.

"பெத்த பொண்ணு தோக்கணும்னு கத்திக்கினு இருந்த அப்பன் ஊர் உலகத்துல நீ ஒருத்தன்தான்யா. உனக்கு நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

அரசப்பன் அக்கா கேட்டைத் தாண்டிவிட்டாளா என்று எட்டிப் பார்த்தார். பிறகு ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிப்போன குரலில் மெதுவாகச் சொன்னார்.

"அக்காவ எதுத்துப் பேச எனக்கு வாய் வராது ஜோதி. ஆனா நீயே சொல்லு, நான் கொடி புடிச்ச கட்சி என்னிக்குடி ஜெயிச்சிருக்கு?"