ஒன்ஸ்மோர்

“சீசன் கடைசி நாள்ல பட்டாபிஷேகந்தான் போடணும். சாவுக் கதையோட கொட்டகையைப் பிரிச்சா ஊருக்கு ஆகாது. உனக்குத் தெரியாதா சாந்தம்மா?” நாடகக் காண்ட்ராக்டர் அலியார் ராவுத்தர் கத்தினார்.

“தெரியுமுங்க. ஆனா இன்னைக்கு அந்த மயான நாடகந்தானுங்க வேணும். இல்லீன்னா நான் வேசங் கட்டலீங்க.”

“திமிரப் பாரு! போன வாரம் அதுக்குச் சித்தூரே அழுதுச்சு. அந்தக் கைதட்டல் ருசி உட மாட்டேங்குதா? ஈரத்தலையோட வேற வந்து நிக்கறே. சவுரி எப்ப வெக்கறது?”

சாந்தம்மாள் அசையவில்லை. அவள் பெயருக்குத்தான் கூட்டம் வந்தது. ராவுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு நாடகத்தை மாற்றினார்.

மேடையில், செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகையில் ஹார்மோனியக்காரர் வாசிக்க மறந்தார். திரை விழுந்தும், “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” என்று கொட்டகை அதிர்ந்தது.

ராவுத்தர் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தார். “எங்கிருந்தும்மா வந்துச்சு இந்த அழுகை?”

“மத்தியானம் எம்பட பையனைப் பொதைச்சுட்டு வந்தேனுங்க. அம்மை போட்டுப் போன உசுருங்க. ஆத்தா கூட்டிட்டுப் போன புள்ளைக்கு அழுதா அவளுக்குக் கோவம் வருமாம். ஊட்டுல ஒருத்தரும் என்னைய அழ உடலீங்க.”

“கூட்டத்தைப் போகச் சொல்லிடறேம்மா” என்றார் ராவுத்தர்.

அவள் மேடைக்குத் திரும்பிப் போய், அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“திரையத் தூக்கச் சொல்லுங்க. நான் இன்னும் அழுது முடிக்கலீங்க.”