பத்து நிமிடப் படம்

அமலி தன் குறும்படத்தை எடிட் செய்ய நான்கு ஓசி சாஃப்ட்வேர்களை இறக்கிப் பார்த்தாள். ஒன்று, கணவன் ஜெபராஜின் மூஞ்சிக்குக் குறுக்கே கம்பெனி பெயரைப் பச்சை குத்தியது. இன்னொன்றில் லேப்டாப்பே ஸ்தம்பித்து நின்றது. மூன்றாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் முழுப் படத்தையும் கொடுத்தது. அதை அழித்தாள். நான்காவது, இலவசம் என்றால் முதல் பத்து நிமிடம்தான் என்றது. அதை வைத்துக்கொண்டாள்.

சம்பளம் கொடுத்து ஆள் போட வழியில்லாததால் ஜெபராஜையே நடிக்க வைத்திருந்தாள். பெண்டாட்டியை அடிக்கிற புருஷன் வேஷம். அடிக்கிற காட்சிக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. கடைசியில் அந்தப் பெண்டாட்டி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதுபோல் வைத்தால்தான் நடிப்பேன் என்றான். அதில் கிளிசரின் இல்லாமலே அழுதான். வீட்டில் எதற்கும் அழுதவனில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சொந்தபந்தம் மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவன் ஓங்கிய கையோடு படம் நின்றது.

"அவ்ளோதானாடா?" என்றாள் அவன் அக்கா.

"இல்லக்கா, அப்புறம் நான் கால்ல விழுந்து அழுவேன். ஏய், எங்கடி அது?"

"ஓசி சாஃப்ட்வேர். பத்து நிமிஷத்துக்கு மேல தராது," என்றாள் அமலி.

"இவங்கல்லாம் என்னப் பத்தி என்னடி நெனப்பாங்க?"

"இப்பவே நடிச்சுக் காட்டுங்க. எல்லாரும்தான் இருக்காங்களே."

ஜெபராஜ் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான். அமலி ஓரடி பின்னால் போய், ஃபோனில் கேமராவை ஆன் செய்து, அவன் கையும் முழங்காலும் ஒரே ஃப்ரேமுக்குள் வருகிற மாதிரிப் பிடித்தாள்.