மேகம் விலகிய நிமிஷம்

இன்றும் மேகம்தான் ஜெயிக்கும் போலிருந்தது. செம்பூர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில், தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தானே செய்த தொலைநோக்கிக் குழாயின் முன்னால் மூன்று மணி நேரமாகக் குந்தியிருந்தார் நெல்லையப்பன்.

“ஏங்க, சூரியன் எங்கயும் ஓடிப்போவாது. நாளைக்கும் வரும்,” என்றாள் செண்பகவல்லி. அவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“சூரியன் வரும். அது வராது.”

போன வாரம் மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், சூரிய வட்டத்தின் நடுவே கருநூல் ஒன்று கிடப்பதை அவர் பார்த்திருந்தார். சூரியன் சுழலச் சுழல அது விளிம்புக்கு நகரும். விளிம்பைத் தாண்டும்போது அதே நூல் தீநாக்காக எழுந்து நிற்கும். இன்றைக்கு நிற்க வேண்டும்.

குழாயைச் செய்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. முடிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மேகத்தின் சந்துகளில் எடுத்த பதினோரு போட்டோ பிளேட்டும் வெறும் கண்ணாடியாகத்தான் வந்தன.

“தீபாவளி வரைக்கும் நீ விட்டேன்னா வானம் வெளுத்துரும், வல்லி.”

“அதுக்குள்ள இந்தக் கண்ணும் வெளுத்துரும். டாக்டர் சொன்னது மறந்துட்டுதா?”

மறக்கவில்லை. குழாயைப் பொருத்திப் பொருத்திச் சூரியனைத் தேடியதில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணையும் வைத்தால் அதுவும் போகும் என்று டாக்டர் சொன்ன அன்று, இன்றைய தேதியைக் குறித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் அவள். இன்றோடு சரி.

கண் போனதைவிட அவரை அறுத்தது வேறு. முதன்முதலில் அந்தத் தீயைப் பார்த்த மறுநாள் ஒர்க்‌ஷாப் கேன்டீனில் சொன்னார். “சூரியன்ல தீ இல்லாம பின்ன ஐஸா இருக்கும்?” என்றான் ஒருவன். “லேத் ஓட்டுறவர் பாத்தாராம்ல. படம் இருக்கா அண்ணே?” என்றான் இன்னொருவன். மேஜை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு தான் பார்த்ததைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

பத்தே முக்காலுக்கு மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது.

நெல்லையப்பன் இடது கண்ணைக் குழாயில் பதித்தார். விளிம்பில், கண்ணிமை போல வளைந்து, அது நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் தூசி அளவு மேகம் இல்லை. ஒரு பிளேட், இரண்டாவது பிளேட், மூன்றாவது. கிழிசல் மூடிக்கொண்டது.

“எடுத்துட்டேன்,” என்றார்.

செண்பகவல்லி அருகே வந்தாள். கறுப்புத் துணியை அவர் தலையிலிருந்து எடுத்து, உதறி, நான்காக மடித்தாள். பிறகு அவளே குழாயின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை.

மத்தியானம் பஸ் பிடித்து தாராவிக்குப் போனார். அங்கே தங்கசாமியின் ஸ்டூடியோ. அவருக்குப் பிளேட் கொடுப்பதும் கழுவித் தருவதும் தங்கசாமிதான்.

“வாங்க அண்ணாச்சி. சூரிய பகவான் இன்னைக்காவது போஸ் குடுத்தாரா?”

“குடுத்தாரு. நல்லாவே குடுத்தாரு.”

இருட்டறைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது; வேறு வெளிச்சம் பட்டால் பிளேட் கெட்டுவிடும். அந்த வெளிச்சத்தில் வேலைக்கு நடுவே தங்கசாமி பேப்பர்கூடப் படிப்பான். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக மருந்துத் தண்ணீரில் இறக்கித் தட்டை மெல்ல ஆட்டினான். நெல்லையப்பன் தட்டின் மேல் குனிந்தார்.

ஒன்றில் ஒன்றும் இல்லை. இரண்டிலும் இல்லை.

“மேகந்தான் அண்ணாச்சி. வேற என்ன?”

“மேகம் இல்ல தங்கசாமி. இந்தக் கண்ணால பாத்தேன்.”

மூன்றாவதும் வெறுமையாகவே கிடந்தது.

“சரி விடுங்க. நாளைக்கு இன்னொருக்கா எடுத்தாப் போச்சு.”

“நாளைக்கு இல்ல.”

தங்கசாமி தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தான். தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்,” என்றான் தங்கசாமி. “அப்படி என்னதான் தெரியும் அங்க? நீங்க ஒருநாளும் சொன்னதில்லயே.”

இனிமேல் சிரித்தால்தான் என்ன என்று தோன்றியது நெல்லையப்பனுக்கு. “ஓரத்துல ஒரு தீ நிக்கும். சாதாரணமாப் பாத்தா மத்த வெளிச்சத்துல அது முங்கிப்போவும். அதனால என் குழாய் அந்தத் தீயோட நிறத்தை மட்டுந்தான் உள்ள விடும். வேற ஒரு நிறமும் வராது. சுத்தச் செவப்பு. இந்தா, உன் பல்பு மாதிரி.”

தட்டை ஆட்டிக்கொண்டிருந்த தங்கசாமியின் கை நின்றது. அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, இந்தப் பிளேட்டு கண்ணுக்குச் செவப்பே தெரியாது. அதனாலதான் இந்த பல்பைப் போட்டுக் கழுவுதோம்.”