நாற்பத்தொன்றாவது தாள்

அரசு மானியம் மாப்பிள்ளை மாதிரி. தனியாக வராது, கூடவே பத்து விதிகளையும் கூட்டிக்கொண்டு வரும். சிறைக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைக் கணக்கெடுக்கக் கொடுத்த மானியத்துக்கு முதல் விதி, கைதிகள் எத்தனை பேரோ, நிரப்பிய கேள்வித் தாள்களும் அத்தனை இருக்க வேண்டும் என்பது. ஒன்று பிசகினாலும் அந்தச் சிறை சொன்னது எதுவுமே கணக்கில் சேராது.

கணக்கெடுக்க வந்தவள் நாற்பது பெண்களுக்கு நாற்பது தாளும் நாற்பது பென்சிலும் கொடுத்தாள். பென்சில்கள் நாற்பதும் திரும்பி வந்தன. தாள்களைப் போட வைத்திருந்த பெட்டியில் நாற்பத்தொரு தாள்கள் இருந்தன. மூன்று முறை எண்ணிப் பார்த்தாள்.

"போன வருஷமும் இதே கதைதான்" என்றார் ஜெயிலர், டீயை ஊதிக்கொண்டே. "ஒண்ணைக் கிழிச்சுப் போடும்மா. விட்டுது தொல்லை."

"எதை சார்? எதுலயும் பேர் இல்லையே."

"ஏதோ ஒண்ணு. பேர் இல்லாததுக்கு யாரு வந்து சண்டை போடப்போறா?"

அவள் அடியிலிருந்த தாளை உருவினாள். 'யாரிடமாவது சொன்னீர்களா?' என்ற கேள்விக்குக் கீழே அழுத்தி எழுதியிருந்தது: 'போன வருஷம் இதில்தான் சொன்னேன். கிழித்துவிட்டார்கள்.'

அதைத் தாள் கட்டின் நடுவே பத்திரமாக வைத்தாள். கைதிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 41 என்று எழுதினாள்.

வெளியே சாயங்காலத் தலையெண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நாற்பதோடு வரிசை முடிந்தது. வார்டன் நோட்டை மூடினாள்.

"நாற்பத்தொண்ணு" என்றது, வரிசைக்கு அப்பால் ஆளில்லாத சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.