சிவப்புப் பொத்தான்

மடிக்கணினியில் விரால் அடிப்பான் பறவையைக் காணோம்.

தனசிங் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திரையில் ஆடிக்கொண்டிருந்தது அவருடைய சொந்த முழங்கால்தான்.

நாலு சனிக்கிழமை தவம். ஊரப்பாக்கத்தில், வீட்டிலிருந்து வண்டியில் ஐந்து நிமிடம் போனால் வரும் ஏரியில், அந்த மீன் தின்னும் பருந்து அந்தரத்தில் நின்று விழும் ஒரே ஒரு நொடிக்காக. இன்று காலை அது நிற்கத்தான் செய்தது. விழப்போகிற நேரத்தில் என்ன கண்டதோ, வெட்டித் திரும்பிப் பறந்துவிட்டது.

விழாவிட்டாலும் நின்றதாவது பதிவாகியிருக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்தார். அதுவும் போச்சு.

சிவப்புப் பொத்தானை ஒரு தரம் கூடுதலாகத் தட்டியிருக்கிறார். அதிலிருந்து எல்லாமே தலைகீழ். எடுப்பதாக நினைத்தபோது கேமரா தூங்கியிருக்கிறது, நிறுத்திவிட்டதாக நினைத்தபோது விழித்திருக்கிறது. இவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற மனுஷன்!

மேசையில் போன் அதிர்ந்தது. சற்று முன்பும் ஒரு தரம் அதிர்ந்திருந்தது. ஈவ்லின்தான், வேறு யார். சண்டை வந்துவிட்டால் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு கிடையாது, வாட்ஸ்அப்தான். சாப்பாடு ரெடி என்பதுகூடச் சமையலறையிலிருந்து அதில்தான் வரும். காலையில் ஏரியில் வைத்துத் திட்டியதற்குப் பதில் வருகிறது போல. வரட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

கடைசித் துண்டைத் திறந்தார். பறவை போன எரிச்சலில் கேமராவைக் கல்மேல் வைத்தாரே, அப்போது பதிவானது.

ஏரிப் படி. கடைசிப் படியில் ஈவ்லின். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு அந்தத் தண்ணீரென்றால் பயம். முதலை இருக்கிறது என்று மழைக்காலம் வந்தாலே காலனிக் குழுவில் புரளி கிளம்பும். அதெல்லாம் உடும்பு என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்தவர் தனசிங். இன்று காலை அவளைப் படியில் உட்காரச் சொன்னவரும் அவர்தான்.

அவள் காலுக்கு இருபதடி தள்ளி, ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு கட்டை மிதந்தது.

கட்டை நகர்ந்தது. காற்றுக்கு எதிராக, நேராக அவளை நோக்கி.

ஐயோ, கர்த்தாவே!

மடிக்கணினிக்குள்ளிருந்து அவர் குரலே வெடித்தது. "கால ஆட்டி ஆட்டிப் பறவைய வெரட்டிட்டியே! ஏந்திரிச்சுப் போய்த் தொலையேன், ஈவ்லின்!"

அவள் முகம் சுருங்குகிறது. எழுந்து, வெறுங்காலோடு விடுவிடுவென்று படியேறிப் போகிறாள்.

அவள் கால் இருந்த இடத்தில் தண்ணீர் பிளந்து ஒரு தாடை வந்தது. பட்டென்று மூடியது. கிளம்பிய அலையில் ஒரு செருப்பு நழுவித் தண்ணீருக்குள் போனது.

அந்தச் சத்தம் அவருக்கு ஞாபகம் இருந்தது. விரால் துள்ளுகிறது என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேமராவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

போய்த் தொலை என்ற அந்த வார்த்தைதான் அவளைக் கரையேற்றியிருக்கிறது. இப்போதே போய் அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"ஈவ்லின்!"

சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. வாசலுக்கு ஓடினார். ஆணியில் ஸ்கூட்டர் சாவி இல்லை.

திரும்பி வந்து போனைப் புரட்டினார்.

'செருப்ப ஏரியிலயே விட்டுட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வரேன்.'

அதற்குக் கீழே இன்னொன்று.

'ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு தண்ணிக்குள்ள போயிடுச்சு போல. நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, எறங்கித் தேடிப் பாக்குறேன்.'

அது வந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது.