மேற்கே ஓடுகிறவள்

கணவன் செந்தூரன் பரிசளித்த கைக்கடிகாரம், மஞ்சரி எந்தத் திசையில் ஓடுகிறாள் என்பதை அவன் கைபேசிக்கும் சொல்லிவிடும்.

"இன்னைக்கும் மேற்கால போயிருக்கே. அங்க யாரு இருக்கா?"

"கிழக்க, கடற்கரைக்குத்தான் போனேன். கை வீசி ஓடுறப்ப அது திசையைத் தப்பாக் காட்டுதுங்க. நின்னு பாத்தா சரியாயிடுது."

"அப்போ நடுவுல நிக்கிறே. யாருக்காக?"

மறுநாள் விடிகாலையில் அவனும் கூடவே ஓடினான். சாலை முடிந்து மணல் தொடங்கியது. நேர் எதிரே கடலிலிருந்து சூரியன் எழுந்துகொண்டிருந்தது. மஞ்சரி நிற்காமல், ஓடியபடியே மணிக்கட்டை அவன் பக்கம் திருப்பினாள். 'மேற்கு' என்றிருந்தது.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கண்களைச் சுருக்கிக்கொண்டு, சூரியனைச் சந்தேகத்தோடு பார்த்தான்.